ஒட்சிசன் தீர்ந்த வேளையில்: இழைமணியின் நிரோதிப் புரதமும் மட்டக்களப்பு வாவியும்

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு கடலோடு கலப்பது இரண்டே இடங்களில்: பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் மணல் சேர்ந்து வாய் அடைபட்டுப் போகும். மாரி வெள்ளம் வயல்களில் ஏறி நிற்கும்போதுதான் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் நீர் அதிகம் அசையாது, சூடும் ஏறியிருக்கும். படுவான்கரை வயல்களுக்கு இட்ட உரத்தில் ஒரு பங்கு ஓடைகள் வழியே வாவிக்கு வருகிறது. அதை உண்டு பாசி செழிக்கிறது, ஆற்றுவாழை படர்கிறது. பகலில் பாசி ஒட்சிசனை வெளிவிடும். இரவில் அதுவும் மீனைப் போலவே ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். அடிச்சேற்றில் அழுகும் பொருள்களைச் சிதைக்கும் பற்றீரியாக்களுக்கும் பங்கு வேண்டும். எல்லாரும் எடுத்து, யாரும் கொடுக்காத அந்த மணித்தியாலங்களின் முடிவில், விடிவதற்குச் சற்று முன்னர், நீரில் ஒட்சிசன் ஆகக் குறைந்துவிடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுவதை அதிகாலையில் தோணி இறக்குகிறவர்கள் கண்டிருப்பார்கள்.

நீரில் வாழ்வது எப்போதுமே ஒட்சிசன் தட்டுப்பாட்டில் வாழ்வதுதான். ஒரு லிற்றர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது. 30 பாகை செல்சியசில், காற்றோடு நன்றாகக் கலந்த ஒரு லிற்றர் நன்னீரில் கரைந்திருக்கக்கூடியது 7.5 மில்லிகிராம்; கடல்நீரில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல். வாவியின் உவர்நீர் இவ்விரண்டுக்கும் நடுவில். 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் தத்தளிக்கும்.

அந்த வேளையில் மீனின் இதயக் கலத்துக்குள் என்ன நடக்கிறது? ஒட்சிசன் இல்லை, ஆகவே சக்தி உற்பத்தி நின்றுவிடுகிறது, கலம் மெல்ல மெல்லச் சாகிறது என்றுதான் பாடசாலையில் படித்த எவரும் சொல்வார்கள். உண்மை அதைவிடக் கொடியது. சக்தியை உற்பத்தி செய்த அதே நொதியம் மறுபக்கமாகச் சுழன்று, கையிருப்பில் உள்ள சக்தியைத் தின்னத் தொடங்குகிறது. அதைத் தடுக்கவென்றே இழைமணிக்குள் ஒரு சிறு புரதம் இருக்கிறது. சக்தி உற்பத்தியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், எழுதுகிறோம், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அந்த உற்பத்தி இயந்திரத்தை உரிய நேரத்தில் நிறுத்தும் புரதத்துக்கு அந்த இடம் கிடைத்ததில்லை. கெட்ட வேளையில் ஒரு கலம் பிழைக்குமா என்பதில் உற்பத்திக்கு உள்ள அளவு பங்கு நிறுத்தலுக்கும் உண்டு என்பது என் துணிபு.

முதலில் இயந்திரம். உணவிலிருந்து வரும் இலத்திரன்களை இழைமணியின் உள்மென்சவ்வில் உள்ள புரதத் தொகுதிகள் கைமாற்றிக் கைமாற்றி ஒட்சிசனிடம் சேர்க்கின்றன. அந்த ஓட்டத்தில் விடுபடும் சக்தியால் புரோத்தன்கள் மென்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. வெளியே குவிந்த புரோத்தன்கள் உள்ளே திரும்பத் துடிக்கின்றன. திரும்புவதற்கு அவற்றுக்குள்ள முக்கிய வழி, கலத்தின் சக்திக் கையிருப்பான ஏ.ரி.பி.யை ஆக்கும் ஏ.ரி.பி. சிந்தேசு என்ற நொதியம். உன்னிச்சைக் குளத்தில் தேக்கிய நீர் துருசு வழியே இறங்கும்போது அங்கே ஒரு சக்கரத்தைப் பொருத்தினால் அது சுழலும் அல்லவா, அப்படித்தான். இந்தக் கருத்தை பீற்றர் மிச்செல் 1961இல் முன்வைத்தபோது ஏற்றவர் சிலரே. 1978இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சிந்தேசு உண்மையாகவே சுழல்கிறது. மென்சவ்வுக்குள் புதைந்த பகுதியில் ஒரு வளையம் இருக்கிறது. பாலூட்டிகளில் அது எட்டு அலகுகளால் ஆனது. புரோத்தன்கள் நுழைய நுழைய வளையம் திரும்புகிறது. வளையத்தோடு ஒட்டிய காமா என்ற அச்சு, மேலே அமைந்த எஃப்1 என்ற தலைப்பகுதிக்குள் நுழைந்து நிற்கிறது. தலைப்பகுதியில் அல்பா மூன்றும் பீற்றா மூன்றும் மாறிமாறி வட்டமாக அமைந்திருக்கின்றன. அச்சு கோணலானது. ஆகையால் அது திரும்பும்போது மூன்று பீற்றாக்களும் முறைவைத்து வடிவம் மாறுகின்றன: ஒன்று மூலப்பொருளைப் பிடிக்கும், ஒன்று இறுக்கி ஏ.ரி.பி.யாக இணைக்கும், ஒன்று விடுவிக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.ரி.பி., எட்டுப் புரோத்தன். இந்த முறைமாற்றத்தை ஊகித்தவர் போல் போயர். மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த எஃப்1இன் வடிவத்தை 1994இல் கேம்பிரிட்ஜில் வெளிப்படுத்தியவர் ஜோன் வோக்கர். 1997இல் யப்பானில் நோஜி, யசுதா, யொஷிதா, கினொசித்தா ஆகியோர் பற்றீரிய எஃப்1இன் அச்சில் ஒளிரும் இழையொன்றை ஒட்டி, அது சுழல்வதை நுணுக்குக்காட்டியின் கீழே கண்ணாலேயே கண்டார்கள். அந்த ஆண்டே போயரும் வோக்கரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

யப்பானியர் கண்ட சுழற்சியை உற்பத்தியின் சுழற்சி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது நேர்மாறானது. அவர்கள் எஃப்1க்கு ஏ.ரி.பி.யைக் கொடுத்தார்கள், எஃப்1 அதை உடைத்து, அந்தச் சக்தியில் சுழன்றது. இயந்திரத்துக்கு இரண்டு திசையும் ஒன்றுதான். குளத்தில் நீர் நிறைந்திருக்கும்வரை சக்கரம் உற்பத்திப் பக்கம் சுற்றும். நீர் வற்றினால் அதே சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றி, எரிபொருளைச் செலவழித்து நீரை மேலே இறைக்கத் தொடங்கும்.

ஒட்சிசன் தீர்ந்தால் நடப்பது இதுவே. இலத்திரன்களைக் கடைசியில் ஏற்க ஆளில்லை. புரோத்தன்களை வெளியே தள்ளும் வேலை நின்று, மென்சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது. ஒட்சிசனின்றி வெல்லத்தைச் சிதைத்துக் கலம் தேடிக்கொள்ளும் ஏ.ரி.பி. சொற்பம்: ஒரு குளுக்கோசுக்கு இரண்டு. ஒட்சிசன் இருந்தால் கிடைப்பது முப்பதை ஒட்டியது. அந்த இரண்டும் இழைமணிக்குள் இழுக்கப்பட்டு, எதிர்ப்பக்கம் சுழலும் சிந்தேசினால் உடைக்கப்படுகின்றன. கட்டாய வறுமை வந்த வேளையில், சம்பாதித்துத் தந்த உறுப்பே செலவாளியாகிறது.

இந்தச் செலவை ஆய்வுகூடத்தில் எப்படி அளந்தார்கள் என்ற கேள்வி நம்மை மதராசுக்குக் கொண்டுபோகிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் அன்றைய மதராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதில் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார், எழுத்துப் பரீட்சையில் நன்றாகச் செய்தும் முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பின்னர் பொஸ்டன் சென்று, ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் சைரஸ் பிஸ்க்கோடு சேர்ந்தார். ஒரு கரைசலில் பொசுபேற்று எவ்வளவு உள்ளது என்பதை நீல நிறத்தின் அடர்த்தியால் அறியும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். மொலிப்டேற்று பொசுபேற்றோடு சேர்கிறது. அதை ஒடுக்கினால் நீலம் தோன்றுகிறது. நீலம் கூடினால் பொசுபேற்றும் கூட. இந்த முறையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் 1927இல் தசையிலுள்ள பொசுபோகிரியேற்றினையும், 1929இல் ஏ.ரி.பி.யையும் பிரித்தறிந்தார்கள். அதே ஆண்டில் ஜேர்மனியில் கார்ல் லோமனும் ஏ.ரி.பி.யைத் தனியாகக் கண்டுபிடித்தார். சுப்பாராவ் 1948இல் நியூயோர்க்கில் காலமானார். ஏ.ரி.பி. உடைந்தால் பொசுபேற்று விடுபடும். விடுபட்டதை நீலம் காட்டும். எஃப்1 போன்ற நொதியம் எவ்வளவு வேகமாக ஏ.ரி.பி.யை உடைக்கிறது என்று அளப்பதற்கு அவரது பெயரைத் தாங்கிய முறை பல தலைமுறை மாணவருக்குப் பாலபாடமாக இருந்தது. நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் ஏ.ரி.பி. பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சுப்பாராவின் பெயரையும் அங்கே சேர்க்க வேண்டும்.

1963இல் நியூயோர்க்கில் மேனார்ட் புல்மன், கிளாடிஸ் மொன்ரோய் இருவரும் மாட்டு இதய இழைமணியிலிருந்து ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். எஃப்1 ஏ.ரி.பி.யை உடைப்பதை அது தடுத்தது. சூடாக்கினாலும் எளிதில் கெடாத புரதம். இழைமணி தானே உண்டாக்கி வைத்திருக்கும் நிரோதி. பிற்காலத்தில் அது ஐ.எஃப்.1 என்று அழைக்கப்பட்டது. மாட்டில் அதன் நீளம் 84 அமினோ அமிலம். புரதங்களுக்குள் இது குட்டி. சிந்தேசோ பல லட்சம் தால்தன் நிறையுள்ள பெருந்தொகுதி. அதே 1963இல், மதராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கூட்டாளிகளும் புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டார்கள். ஐ.எஃப்.1 உட்பட, வடிவம் கண்டறியப்பட்ட எந்தப் புரதத்தையும் சரிபார்க்க இன்றும் உலகெங்கும் கையிலெடுப்பது அந்த வரைபடத்தைத்தான். நியூயோர்க்கில் இந்தப் புரதம் குழாயில் விழுந்த ஆண்டிலேயே அதன் உருவத்தைச் சோதிக்கும் கருவி மதராசில் தயாராகிவிட்டது.

ஐ.எஃப்.1 எப்போது வேலைசெய்ய வேண்டும் என்பதை அதற்கு உணர்த்துவது அமிலத்தன்மை. ஒட்சிசன் தாராளமாக உள்ள இழைமணியின் உட்புறம் சற்றுக் காரமானது; பி.எச். பெறுமானம் 8க்கு அருகில். அந்த நிலையில் ஐ.எஃப்.1 மூலக்கூறுகள் நான்கு நான்காகவும் அதற்கு மேலும் ஒட்டிக்கொண்டு, தடுக்கும் முனைகளைத் தமக்குள்ளேயே மறைத்துக் கிடக்கின்றன. ஒட்சிசன் போய், லற்றிக் அமிலம் சேர்ந்து, பெறுமானம் 7க்குக் கீழே இறங்கும்போது கூட்டம் இரண்டிரண்டாகப் பிரிகிறது. நடுப்பகுதியில் இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ள, முனைகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு முனையும் ஓர் எஃப்1ஐப் பிடிக்கும். 49ஆம் இடத்திலுள்ள ஹிஸ்ரிடீன் என்ற ஓர் அமினோ அமிலம் இந்த உணர்வுக்கு அவசியம் என்று மாற்றிப் பார்த்த சோதனைகள் காட்டின. முனை அல்பாவுக்கும் பீற்றாவுக்கும் இடையிலுள்ள இடுக்கில் நுழைந்து, நடுவிலுள்ள அச்சைத் தொடும் அளவுக்கு உள்ளே போய்விடுகிறது. வோக்கரின் குழு 2003இலும் 2007இலும் வெளியிட்ட வடிவங்களில் இதைத் துல்லியமாகக் காணலாம்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது திசை. முனை தானாக முழுவதும் உள்ளே போய்விடுவதில்லை. முதலில் வாசலில் தொற்றிக்கொள்கிறது. நொதியம் ஏ.ரி.பி.யை உடைத்து எதிர்ப்பக்கம் திரும்பும்போது அந்தத் திரும்பலே முனையை உள்ளே இழுத்துப் பூட்டுகிறது. அதாவது செலவு செய்யும் சுழற்சிதான் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. ஒட்சிசன் திரும்பி வந்து, புரோத்தன் அழுத்தம் மீண்டும் ஏறி, அச்சு உற்பத்திப் பக்கம் திரும்ப முயலும்போது முனை வெளியே தள்ளப்படுகிறது. நிறுத்தியவர் யாரும் வந்து விடுவிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எதிர்ச்சுழற்சியை முற்றாக ஒழித்துவிட்டால் என்ன? அதிலும் ஓர் இக்கட்டு உண்டு. மென்சவ்வின் மின்னழுத்தம் முழுவதும் சரிந்துபோன இழைமணியைக் கலம் பழுதானது என்று கருதி அப்புறப்படுத்திவிடும். சிறிது ஏ.ரி.பி.யைச் செலவழித்தாவது அழுத்தத்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே எவ்வளவு ஐ.எஃப்.1 என்பது கலத்துக்குக் கலம், விலங்குக்கு விலங்கு வேறுபடும்.

இந்த வேறுபாட்டை 1980களில் அமெரிக்காவின் வில்லியம் ரவ்ஸ்லின் பொறுமையாக அளந்தார். நாய், முயல், மாடு போன்று இதயம் மெதுவாகத் துடிக்கும் விலங்குகளின் இதய இழைமணியில் ஐ.எஃப்.1 நிறைய இருந்தது. குருதி தடைப்பட்டபோது அது நொதியத்தைப் பிடித்து நிறுத்தியது. நிமிடத்துக்கு முந்நூறு, ஐந்நூறு முறை துடிக்கும் எலி, சுண்டெலி இதயங்களில் அது மிகக் குறைவு. நோயாளிக்குக் கவலை தரும் விளைவு இதிலுண்டு. மாரடைப்புக்கு மருந்து தேடுகிறவர்கள் முதலில் கையிலெடுப்பது எலியின் இதயத்தையே. உற்பத்தியை விட்டுவிட்டு உடைத்தலை மட்டும் தடுக்கும் பி.எம்.எஸ்.-199264 என்ற செயற்கைச் சேர்மம் எலி இதயத்தில் ஏ.ரி.பி.யைக் காத்தது என்று 2004இல் அறிவித்தார்கள். ஐ.எஃப்.1 குறைந்த இதயத்தில் ஐ.எஃப்.1இன் வேலையைச் செய்யும் பொருள் பலன் தருவதில் வியப்பில்லை. நிமிடத்துக்கு எழுபது துடிக்கும் மனித இதயத்துக்கு அதே பலனை அந்தச் சோதனையிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

ஐ.எஃப்.1 இல்லாத சுண்டெலிகளை யப்பானில் உருவாக்கிப் பார்த்தார்கள். 2013இல் வந்த அறிக்கைப்படி அவை சாதாரணமாக வளர்ந்தன, குட்டி போட்டன. அப்படியென்றால் புரதம் தேவையற்றதா என்று அவசரப்பட்டவர்கள் உண்டு. கூட்டில் காற்றும் தீனியும் குறையாத சுண்டெலி, அதுவும் இயல்பிலேயே இந்தப் புரதத்தை இதயத்தில் குறைவாக வைத்திருக்கும் விலங்கு, இந்தக் கேள்விக்குத் தகுந்த சாட்சி அல்ல. இதற்கு ஓராண்டு முன்னர் வரிக்குதிரை மீனில் இதே புரதம் பழுதானபோது குருதிச்சோகை வந்தது; ஹீம் தயாரிப்புக்கு அது தேவை என்று தெரிந்தது. சில புற்றுநோய்க் கலங்களில் அது மிகுந்திருக்கிறது. அங்கே அது உற்பத்தியையும் தடுக்கிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

கெட்ட வேளையில் வாழப் பழகிய விலங்குகளே சரியான சாட்சிகள். ஐரோப்பியத் தவளையொன்று குளிர்காலத்தில் பனிக்கட்டி மூடிய குட்டையின் அடியில் மாதக்கணக்கில் கிடக்கும். அதன் தசை இழைமணிகளைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரை, ஒட்சிசனற்ற இழைமணியைக் கலத்துக்குத் துரோகம் செய்யும் உறுப்பு என்றே தலைப்பில் வர்ணித்தது. அந்தத் தவளையில் துரோகம் அடக்கப்பட்டிருந்தது: எதிர்ச்சுழற்சி பெரிதும் தடுக்கப்பட்டிருந்தது. வட அமெரிக்க ஆமையொன்றின் இதயத்திலும், 5 பாகைக் குளிரில் இரு வாரங்கள் ஒட்சிசனின்றி வைத்த பின், நொதியத்தின் இந்தச் செயற்பாடு குறைந்திருந்ததை 2013இல் கண்டார்கள்.

இவை குளிர்நாட்டுச் சாட்சிகள் என்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. குளிர் தானே ஒரு பெரிய தடை. வெப்பநிலை 10 பாகை ஏறும்போது உடலின் வேதி வேகம் இரண்டு மூன்று மடங்காகிறது. 5 பாகைக்கும் வாவியின் 30 பாகைக்கும் இடையில் அந்த வேறுபாடு ஐந்து மடங்குக்குக் குறையாது. பனிக்கு அடியிலுள்ள தவளைக்கு மாதங்கள் இருக்கின்றன. வாவி மீனுக்கு மணித்தியாலங்கள்கூட இல்லை. வெப்பநாட்டில் ஒவ்வொரு ஏ.ரி.பி.யும் அவ்வளவுக்கு அருமை, அதை வீணாக்கும் எதிர்ச்சுழற்சி அவ்வளவுக்கு ஆபத்து. நண்டை எண்ணிப் பாருங்கள். காலும் கொடுக்கும் கயிற்றால் கட்டப்பட்ட களிநண்டு, நீருக்கு வெளியே கூடையில் நாட்கணக்கில் உயிரோடு கிடந்து சிங்கப்பூர்ச் சந்தைவரை போகிறது. நீரில்லாமல் செவுளிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, ஒட்சிசன் குறைகிறது, உடலுக்குள் லற்றிக் அமிலம் ஏறுகிறது. ஐ.எஃப்.1 விழித்துக்கொள்வதற்கான சூழ்நிலை அதுவே.

வாவியின் உயிர்களிடம் இதைக் கேட்டுப்பார்க்கப் பெரிய பணம் தேவையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் வந்தாறுமூலை வாவியின் வட முனைக்கு அண்மையில்தான் இருக்கிறது. குளிரூட்டிய மையநீக்கி, நிறமானி, சுப்பாராவின் சோதனைப்பொருள்கள், சிந்தேசை மட்டும் தெரிந்தெடுத்து முடக்கும் ஒலிகோமைசின்: அடிப்படைச் சோதனைக்கு இவை போதும். நான் தெரிந்தெடுப்பது இரண்டு மீன்களை. ஒன்று கடலுக்கும் வாவிக்கும் போய்வரும் மணலை. மற்றது 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கத் திலாப்பியா. ஒட்சிசன் குறைந்த நீரில் மற்ற மீன்கள் தளரும்போதும் தாக்குப்பிடிக்கும் இனம். இரண்டையும் 30 பாகை உவர்நீரில், ஒரு பங்கைக் காற்றூட்டியும் ஒரு பங்கை ஒட்சிசன் குறைத்தும் வைக்க வேண்டும். பிறகு இதயத்தை எடுத்து, பனிக்கட்டியில் வைத்த சுக்குரோசுக் கரைசலில் அரைத்து, இழைமணிகளைப் பிரித்து, மென்சவ்வை உடைத்து, ஏ.ரி.பி. கொடுத்து, விடுபடும் பொசுபேற்றை நீலத்தால் அளக்க வேண்டும். ஒலிகோமைசின் இட்ட குழாயில் தெரியும் நீலம் மற்ற நொதியங்களுடையது, அதைக் கழித்துவிடலாம். அதே மென்சவ்வை உப்புச் செறிந்த காரக் கரைசலில் கழுவினால் ஐ.எஃப்.1 கழன்றுவிடும். கழுவிய பின் நீலம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நொதியத்தை அந்த மீனின் நிரோதி பிடித்து வைத்திருந்தது.

திலாப்பியாவின் இதயத்தில் அந்தக் கூடுதல் மணலையினதைவிடப் பெரிதாக வந்தால், அதன் தாங்கும் வலிமையில் ஒரு பங்கு இழைமணிக்குள் இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டிலும் ஒரே அளவு வந்தால், வேறுபாட்டைச் செவுளிலும் குருதியின் ஹீமோகுளோபினிலும் தேட வேண்டியிருக்கும்.